கயோகோ விலை பேசாத மூன்று நாள்

"இது எவ்வளவு இருக்கும், சொல்லுங்க பாப்போம்."

சலவைக் கடைக் கல்லாவுக்கு மேலாகப் பாதி உடம்பை வெளியே தள்ளி, போட்டிருக்கும் சட்டையின் தோளை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டுகிறாள் கயோகோ. சட்டையின் நெஞ்சில் ஒரு புலி வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. எதிரே கோட்டு வெளுக்கப் போட வந்த வங்கிக்காரர். வெளியூர்க்காரராக இருந்தால் விழிப்பார். இவர் ஒசாகாக்காரர். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, பெரிதாக யோசிப்பது போல நடித்துவிட்டு, "ஒரு அஞ்சாயிரம் யென்னாவது இருக்காது?" என்கிறார். கயோகோ மூச்சை நன்றாக இழுத்துக்கொள்கிறாள். "எண்ணூறு" என்கிறாள். அவர் வாயைப் பிளக்கிறார். புலியும் அவரும் ஒரு ஜாடையாகத் தெரிகிறார்கள். தோற்றவருக்கு ஆறுதலாக கயோகோவின் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் கிடைக்கிறது.

மற்ற ஊர்களில் ஆனை விலை குதிரை விலை கொடுத்து வாங்கியதைச் சொல்லிப் பெருமைப்படுவார்களாம். எங்கள் ஊரில் அடிமாட்டு விலைக்கு வாங்கியதுதான் பெருமை. அதற்காகவே இந்த ஆட்டம். இதில் எங்கும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. கேட்கப்பட்டவர் விலையைத் தூக்கித்தான் சொல்ல வேண்டும். மனதுக்குள் என்ன தோன்றினாலும் சரி, வெளியே சொல்வது இரண்டு மடங்காகவாவது இருக்க வேண்டும். குறைத்துச் சொல்வது, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பில்லை என்பதைப் போல. யாரும் செய்யமாட்டார்கள்.

கயோகோ செய்வாள். கேட்பதில் எவ்வளவு குஷியோ, பதில் சொல்வதில் அவ்வளவு கறார். பக்கத்துத் தேயிலைக் கடை ஹமாகுச்சி அம்மாள் போன வருடம் ஒரு கழுத்துத் துணி வாங்கி வந்து, கயோகோவிடம் போய் "எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டுவிட்டாள். கயோகோ துணியைத் திருப்பி, உள் தையலைத் தடவி, ஓரத்தை மோந்தும் பார்த்து ஒரு விலை சொன்னாள். ஹமாகுச்சி அம்மாள் கொடுத்த காசில் அது பாதிகூட இல்லை. அந்த அம்மாள் முகம் சுண்டிப்போய், வந்த வழியே திரும்பினாள். பல நாள் பேச்சு வார்த்தை இல்லை.

அன்று இராத்திரி சாப்பாட்டில் புருஷன் இசாவோ மெல்ல எடுத்துச் சொன்னான். "தெரிஞ்சாலும் கொஞ்சம் தூக்கிச் சொன்னா என்ன, கயோ?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டாள் கயோகோ. "வேற எதுல வேணும்னாலும் சொல்றேன். விலைல மட்டும் வராது."

அதன் பிறகு கடைவீதியில் யாரும் அவளிடம் விலை கேட்பதில்லை. அவள்தான் எல்லோரிடமும் கேட்கிறாள்.

கருமி என்று நினைத்துவிட வேண்டாம். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஜாதி இல்லை அவள். தெருவில் அழுகிற குழந்தை, மூச்சு வாங்குகிற தபால்காரர், வழி கேட்கிற வெளியூர்க்காரர் எல்லோருக்கும் அந்தக் கைப்பையிலிருந்து மிட்டாய் உண்டு. ஆனால் சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்துவிட்டு வருவது அவளுக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. வந்தோம், கொடுத்தோம், போனோம் என்றால் கடைக்காரனுக்கும் நமக்கும் நடுவில் என்னதான் நடந்தது என்று கேட்பாள். சாயங்காலமானால் பேரங்காடியில் பாதி விலைச் சீட்டு ஒட்டுகிற பையன் கையில் சீட்டுக் கட்டோடு வருவான். கயோகோ கூடையோடு அவன் பின்னாலேயே, அவனைப் பார்க்காதது போல, மீன் வரிசையிலிருந்து டோஃபு வரிசைக்கு நகர்வாள். மகள் மினோரி சின்னவளாக இருந்தபோது அவளை முன்னால் வேவு பார்க்க அனுப்பியதும் உண்டு. "அம்மா, சீட்டு ஒட்டுற அண்ணன் கிளம்பிட்டாரு" என்று மினோரி ஓடி வந்து சொல்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதை கயோகோ இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

இந்த விலைப் பைத்தியம் எதற்கு என்று ஒரு நாள் ஹமாகுச்சி அம்மாளே கேட்டாள். அதற்குள் சமாதானமாகியிருந்தார்கள். கயோகோ, வெளுத்த துணியில் சீட்டுக் கோத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"காசு மிச்சமாகுறதெல்லாம் அப்புறம்க்கா. மனுஷங்ககிட்ட பேச்சை எப்படி ஆரம்பிக்கிறது? நல்ல வெயில்னு சொல்லியா? வெயில் அடிக்குதுன்னு அவங்களுக்கே தெரியுமே."

அந்த மினோரி இப்போது கல்லூரி முடித்துவிட்டாள். டோக்கியோவில் வேலை கிடைத்து, ஏப்ரலில் சேர வேண்டும். வேலைக்கு முன்பே பேச்சு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. தொலைபேசியில் தோழிகளோடு பேசும்போது அவள் வாயிலிருந்து வருவது ஒசாகாப் பேச்சே இல்லை. கழுவித் துடைத்து இஸ்திரி போட்ட டோக்கியோப் பேச்சு. கதவையும் சாத்திக்கொள்வாள். வெட்டிய ஆப்பிள் தட்டோடு கயோகோ சாத்திய கதவுக்கு வெளியே நின்றுவிட்டு, தட்டாமலேயே திரும்பியிருக்கிறாள். ஏப்ரலுக்குப் பிறகு இந்தப் பெண்ணோடு எதைப் பேசுவது என்கிற பயம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

அதனால்தான் ஒகினாவா. கல்யாணமான நாளிலிருந்து போகலாம் போகலாம் என்று சொல்லி, விலை குறையட்டும் குறையட்டும் என்று தள்ளிப் போட்ட ஊர். மார்ச்சில், பள்ளி விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன்னால், கோழி கூவுகிற நேரத்து விமானத்துக்கு மலிவு டிக்கெட்டைப் பிடித்துவிட்டாள். மூன்று நாள், மூன்று பேர். இசாவோ அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டான். மினோரியிடம் சொன்னபோது அவள் காலண்டரைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். பிறகு டோக்கியோப் பேச்சில் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நான் வருகிறேன். ஆனால் அந்த மூன்று நாளும் நீ யாரிடமும் விலை கேட்கக் கூடாது. விலை சொல்லக் கூடாது. பேரம் கூடவே கூடாது."

"மூணு நாளுமா?"

"மூன்று நாளும். ஒரு தடவை மீறினாலும் நான் தனியாகத் திரும்பிவிடுவேன்."

காரணம் கயோகோவுக்குத் தெரியும். போன வருடம் மினோரியின் டோக்கியோத் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். அந்தப் பெண் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் கயோகோ அதன் உள் தையலைத் தடவி விலையைச் சொல்லிவிட்டாள். சரியான விலை. அந்தப் பெண் அதைப் பழைய துணிக் கடையில் வாங்கியிருந்தாள், யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்ணாக இருந்தால் அந்தக் கணமே இருவரும் உயிர்த் தோழிகளாகியிருப்பார்கள். அவள் கழுத்துவரை சிவந்து, கடைசி வரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு அவள் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

கயோகோ ஒப்புக்கொண்டாள். மிச்சம் பிடிப்பதை நிபந்தனை தடுக்கவில்லை, அதைப் பற்றிப் பேசுவதைத்தான் தடுத்தது. எனவே எல்லா மிச்சத்தையும் ஊரைத் தாண்டுவதற்கு முன்பே, சத்தமில்லாமல் பிடித்து வைத்தாள். மலிவு விமானத்தில் பைக்கு எடைக் கட்டுப்பாடு. அதனால் சட்டைக்கு மேல் சட்டையாக மூன்று சட்டை போட்டுக்கொண்டு ஏறினாள். மேலே புலி, நடுவே சிறுத்தை. கடல் தெரியும் அறை வேண்டாம், கடல் எங்கும் ஓடிவிடாது என்று முதுகுப்புற அறையைப் பதிவு செய்திருந்தாள். காலைச் சாப்பாடு விடுதியில் இலவசம். ஆகவே காலைச் சாப்பாட்டிலேயே மத்தியானமும் அடங்கியது. குடும்பம் நடத்துகிறவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பார்கள். இவள் வயிற்றைக் கட்டவில்லை. வாயை மட்டும் கட்டினாள்.

அதற்கும் ஒரு உபாயம் வைத்திருந்தாள். விலை நாக்கு நுனிக்கு வந்தால் உடனே ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது. விமானத்தில் ஏறியதும் ஆளுக்கொன்று கொடுத்துத் தானும் ஒன்று போட்டுக்கொண்டாள். மினோரி அதைத் தின்னாமல் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஒகினாவாத் தீவின் நாஹா நகரில் இறங்கியதும் வெயில் கன்னத்தில் அறைந்தது. மூன்று சட்டையில் இரண்டைக் கழற்றிக்கொண்டே சந்தைக்குப் போனார்கள். சோதனை அங்கேதான் காத்திருந்தது. சந்தைக்குப் பின்னால், கூரை போட்ட சந்துக்குள் ஒரு சின்ன துணிக்கடை. வாசலில் ஒரு சட்டை தொங்கியது. நீலத் துணி, வெள்ளைப் பூ, அந்த ஊர்ப் பெண்கள் கோடையில் போடுகிற தினுசு. மினோரி முன்னால் போய்விட்டிருந்தாள். கயோகோவின் கை தானாகப் போய் உள் தையலைத் தடவியது. நல்ல தையல். விலைச் சீட்டைத் திருப்பினாள்: மூவாயிரம். அதிலும் கொஞ்சம் தட்டலாம். அவள் நாக்கு துடித்ததைப் பக்கத்தில் நின்ற இசாவோ பார்த்தான். கயோகோ ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு, கடைக்காரியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

சந்தையில் உட்கார்ந்திருப்பதெல்லாம் பெண்கள். வாங்கினதுக்கு மேல் கேட்காமலே ஒரு கை கொசுறு போடுகிற ஊர் அது. இப்படி ஒரு ஊர் இருப்பது தெரியாமல் இத்தனை வருடம் வீணாகிவிட்டதே என்று கயோகோவுக்கு அழுகையே வந்தது. ஊறுகாய் விற்ற ஒரு அம்மாள் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஒசாகாதானே என்று விசாரித்தாள். எப்படித் தெரியும் என்றான் இசாவோ.

"சாமானைக் கவுத்து அடிப்பக்கத்தைப் பாக்குறாங்களே. அது ஒசாகாக் கைதான்" என்றாள் அந்த அம்மாள். ஒரு ஜாடியைத் தூக்கிக் காட்டினாள். "சரி, சொல்லுங்க. இது எவ்வளவு இருக்கும்?"

கேட்டது அந்த ஊறுகாய் அம்மாள். கேட்ட ஆட்டமோ கயோகோவின் சொந்த ஆட்டம். கயோகோ மகளைப் பார்த்தாள். மினோரி எதிர்க் கடையில் தொங்கிய பன்றி முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கயோகோ இரண்டு மிட்டாயை ஒரேயடியாக வாயில் போட்டுக்கொண்டு, கடைசியில் அந்த அம்மாளே சொன்ன விலையை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். அவள் கொசுறு போட்டாள், ஆனால் முகம் வாடிவிட்டது. ஒசாகாக்காரர்கள் வந்தால் நாலு வார்த்தை கலகலப்பாக இருக்குமென்று பார்த்தேன் என்று இசாவோவிடம் சொல்லி வருத்தப்பட்டாள். அந்த வாட்டத்தை கயோகோவால் வெகுநேரம் மறக்க முடியவில்லை. யாரையோ வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பியது போல இருந்தது.

மினோரி கேட்டபடியே எல்லாம் நடந்தது. எந்தக் கடையிலும் தலைகுனிவு இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அன்று இராத்திரி நூடுல்ஸ் கடையில் மூன்று பேரும் ஆஸ்பத்திரி பெஞ்சில் முறைக்காகக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். கிண்ணம் வந்தது. புகை பறந்தது. வீட்டில் என்றால் இந்த நேரத்துக்கு, இந்தக் கறித்துண்டு பாதி விலைச் சீட்டோடு எப்படிக் கிடைத்தது என்கிற சரித்திரம் ஓடிக்கொண்டிருக்கும். மினோரி குறுக்கே கிண்டல் செய்வாள். இசாவோ சிரித்துப் புரையேறுவான். இங்கே சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"நல்ல வெயில்" என்றாள் கயோகோ கடைசியில்.

"ஆமாம், நல்ல வெயில்" என்றாள் மினோரி.

மறுநாளும் வெயிலைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு முறை காற்றைப் பற்றி. நாற்பது நிமிஷப் பேருந்துப் பயணம் முழுவதும் கயோகோ மகளின் தலைமுடியைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனாள். வாயைத் திறந்தால் இவளை இழந்துவிடுவோம் என்றுதான் மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டும் இழந்துகொண்டிருக்கிறோம் என்று இப்போது தோன்றியது. கணவன் தோளைத் தட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கைப்பையைத் திறந்து மிட்டாய் தேடினாள். பை காலி.

மூன்றாம் நாள் சாயங்காலம் விமானம். மத்தியானம் மினோரி, கடைத்தெருப் பக்கம் தனியாகப் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். கயோகோவும் இசாவோவும் கடற்கரைச் சுவர்மேல் உட்கார்ந்து, விடுதிக் காலைச் சாப்பாட்டிலிருந்து காகிதத்தில் சுற்றி எடுத்துவந்த சோற்று உருண்டையைத் தின்றார்கள். கடல் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. இவ்வளவும் காசில்லாமல் என்று கயோகோ நினைத்தாள். சொல்லவில்லை. கேட்க மினோரி பக்கத்தில் இல்லாதபோதும் வாக்கு வாக்குதான்.

மினோரி வேகமாக நடந்து வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. தோளில் மடித்துப் போட்ட கோட்டு, கையில் ஒரு பை. எதிரில் வந்து நின்று, பையிலிருந்து எடுத்து அம்மாவின் மடியில் போட்டாள். நீலத் துணி, வெள்ளைப் பூ.

"உனக்குத்தான். டியூஷன் சொல்லிக் கொடுத்த காசு."

கயோகோவின் கை பழக்கத்தில் உள் தையலுக்குப் போனது. அதே தையல். அதே சட்டை. இசாவோ சட்டையையும் மனைவியின் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மினோரி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். பிறகு, இஸ்திரி போட்ட பேச்சு எங்கோ கழன்று விழ, அசல் ஒசாகாவில் கேட்டாள்.

"அம்மா. இது எவ்வளவு இருக்கும், சொல்லு பாப்போம்."

கயோகோ நிமிர்ந்து பார்த்தாள். மகளின் கண்ணில், பாதி விலைச் சீட்டு ஒட்டுகிற பையன் கிளம்பிவிட்டான் என்று ஓடி வந்து சொன்ன அந்தச் சிறுமி நின்றுகொண்டிருந்தாள். மினோரிக்குப் பொறுக்கவில்லை. பதிலுக்குக் காத்திராமல் கொட்டினாள். பெரிய தெருவில், எல்லோரும் போகிற கடையாம். கடைக்காரர் முதலில் ஆறாயிரத்துக்கு ஒரு யென் குறையாது என்று நின்றாராம்.

"எனக்கே தெரியாம வாயில வந்துடுச்சும்மா. ஒசாகாவுலேருந்து வந்திருக்கோம், கொஞ்சம் பாத்துப் போடுங்கன்னேன். அவரு சிரிச்சிட்டாரு. அப்புறம் அரை மணி நேரம் பேசிக்கிட்டிருந்தோம், அவரு பொண்ணும் டோக்கியோவுலதானாம். ஒரு கைக்குட்டை வேற கொசுறு. ஐயோ, முதல் விலையைச் சொல்லிட்டேனே. பரவால்ல, கடைசியா எவ்வளவுக்கு முடிஞ்சுதுன்னு சொல்லு."

மூவாயிரம். சந்தைக்குப் பின்னால், கூரை போட்ட சந்தில், இடது கைப்பக்கம். அதிலும் தட்டலாம். இந்தச் சட்டையின் விலையைத் தப்பாகச் சொல்வதற்கு கயோகோவுக்கு எந்த வழியும் இல்லை. வாயில் போட்டுக்கொள்ள மிட்டாயும் இல்லை.

அவள் சட்டையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தலையைச் சாய்த்தாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள்.

"ஆறாயிரம் சொன்னானா? இந்தத் தையலுக்கா? அவனுக்கு வியாபாரமே தெரியலையே. எங்க வேணும்னாலும் பன்னெண்டாயிரத்துக்கு விக்கலாம் இதை. எவ்வளவு தட்டியிருப்ப நீ... ஒரு நூறு யென்? ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்."

"ஐயாயிரத்து ஐநூறு" என்றாள் மினோரி.

கயோகோ வாயைப் பிளந்தாள். நெஞ்சிலிருந்த புலியைவிடப் பெரிதாகப் பிளந்தாள். கடலைப் பார்த்திருந்த இசாவோவின் தோள் ஒரு முறை குலுங்கியது.

பிறகு கயோகோ, நீலச் சட்டையை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு, தோற்றவளுக்கு உரியதைக் கேட்டு வலது உள்ளங்கையை மகளுக்கு முன்னால் நீட்டினாள். மினோரி முதலில் திகைத்து, அப்புறம் சிரித்து, தன் கோட்டுப் பைக்குள் அந்த விமானத்து மிட்டாயைத் துழாவிக் கண்டெடுக்கும் வரையில், நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை.